ஊர் திரும்பிய கம்பம்

கனடாவின் மேற்குக் கரையிலும் அதனை அடுத்துள்ள அலாஸ்காவின் தென்பகுதியிலும் மழை அதிகம் பெய்யும் அடர்ந்த காடுகள் உள்ளன. ஹைஸ்லா, ஹைடா, நிஸ்கா, திலிங்கிட் முதலிய பழங்குடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே வாழ்ந்து வருகின்றனர். கடலும் ஆறும் அவர்களுக்குச் சால்மன் மீனைத் தந்தன. காடு சிடார் மரத்தைத் தந்தது. வீடு, படகு, பெட்டி என எல்லாவற்றையும் அம்மரத்தால் செய்தார்கள். அதன் பட்டையை உரித்து, நாராக்கி, உடையாகவும் நெய்துகொண்டார்கள். வானுயர்ந்த குலக்குறிக் கம்பங்களைச் செதுக்கியதும் அதே மரத்தில்தான்.

குலக்குறியை ஆங்கிலத்தில் 'டோட்டம்' என்பர. இச்சொல் கம்பம் செதுக்கும் மக்களுடையது அன்று. வெகு தொலைவில், வட அமெரிக்காவின் பேரேரிகளைச் சுற்றி வாழும் ஒஜிப்வே மக்களின் மொழியில் குலத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது வந்தது. அம்மக்களிடம் இத்தகைய கம்பம் நிறுத்தும் வழக்கமே இல்லை. ஓரிடத்துச் சொல்லை எடுத்து இன்னோரிடத்துப் பொருளுக்கு ஐரோப்பியர் சூட்டிவிட்டனர். பெயரில் நேர்ந்த குழப்பம் பொருளிலும் நேர்ந்தது. கரையோரக் கிராமங்களுக்கு வந்த சமயப் பரப்பாளர் பலர், அக்கம்பங்களை மக்கள் வணங்கும் தெய்வச் சிலைகள் என்று எண்ணினர். உண்மையில் அவற்றை யாரும் வணங்கவில்லை. 'நாங்கள் இன்ன குலத்தார். எங்கள் முன்னோர்க்கு இன்னது நேர்ந்தது. இந்தக் கதையும் இந்தச் சின்னமும் எங்களுக்கு உரியவை' என்று ஒரு குடும்பம் ஊரறியச் செய்யும் அறிவிப்பே அது.

கம்பத்தில் உள்ள உருவங்களை அடையாளம் காண்பது ஓரளவு எளிது. நேரான நீண்ட அலகு இருந்தால் அது அண்டங்காக்கை. அலகு கீழ்நோக்கி வளைந்திருந்தால் கழுகு. முன்பற்கள் இரண்டும் பெரிதாக, வாலில் குறுக்குக் கோடுகள் இருந்தால் நீர்நாயைப் போன்ற பீவர் என்னும் விலங்கு. ஆனால், உருவத்தைக் கண்டுகொள்வதனால் மட்டும் கதை விளங்கிவிடாது. அண்டங்காக்கையை எடுத்துக்கொள்வோம். உலகம் இருளில் மூழ்கியிருந்த காலத்தில், ஒரு முதியவர் ஒளியைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தாராம். அண்டங்காக்கை ஓர் ஊசியிலையாக மாறி, அவருடைய மகள் பருகிய நீரில் விழுந்து, அவள் வயிற்றில் குழந்தையாகப் பிறந்தது. அந்தப் பெட்டிதான் வேண்டும் என்று பேரக்குழந்தை அடம்பிடித்து அழுதபோது தாத்தாவின் மனம் இளகியது. பெட்டி கைக்கு வந்ததும் குழந்தை மீண்டும் பறவையாகி, ஒளியுடன் வானில் பறந்துவிட்டது. இக்கதை கரையெங்கும் பலவாறு சொல்லப்படுகிறது. எனினும், ஒரு கம்பத்தில் உள்ள அண்டங்காக்கை இக்கதையைத்தான் சொல்கிறது என்று வெளியாள் முடிவு செய்ய இயலாது. அது குலத்தின் சின்னமாக மட்டும் இருக்கலாம். அந்தக் குடும்பத்துக்கே உரிய வேறொரு நிகழ்ச்சியையும் குறிக்கலாம். அதைச் சொல்லும் உரிமை கம்பத்துக்கு உரியவர்களிடமே இருக்கிறது.

ஆகவேதான், கம்பத்தைச் செதுக்கி முடித்தால் மட்டும் போதாது. உறவினரையும் பிற குலத்தாரையும் அழைத்துப் பெருவிருந்து படைத்து, அனைவர் முன்னிலையிலும் அதன் கதையைச் சொல்லி நிறுத்த வேண்டும். வந்தவர்கள் வெறும் விருந்தினர் அல்லர், சாட்சிகள். சாட்சியாக இருந்ததற்காக அவர்களுக்குப் பரிசுகள் வழங்கப்படும். எழுத்தாவணம் இல்லாத சமுதாயத்தில் அந்த விருந்தே பத்திரப் பதிவு அலுவலகம் என்று சொல்லலாம். 'பொட்லாட்ச்' எனப்படும் இவ்விருந்தைக் கனடிய அரசு சட்டத்தால் தடை செய்தது. 1885 முதல் 1951 வரை அத்தடை நீடித்தது. விருந்து இல்லையென்றால் புதிய கம்பத்தை முறைப்படி நிறுத்த முடியாது. அதே ஆண்டுகளில்தான் உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் பழைய கம்பங்களைப் போட்டி போட்டுக்கொண்டு வாங்கிச் சென்றன.

அவ்வாறு சென்றவற்றுள் ஒன்று கிப்ஸ்கோலக்ஸ் கம்பம். ஐரோப்பியர் வருகையோடு பரவிய பெரியம்மை, கரையோர மக்களில் மிகப் பலரைக் கொன்றது. ஹைஸ்லா மக்களின் தலைவர்களுள் ஒருவரான கிப்ஸ்கோலக்ஸ் தம் பிள்ளைகளை இழந்தார். துயரம் தாளாமல் காட்டில் அலைந்தவர்முன் ட்சூடா என்னும் ஆவி தோன்றியது என்றும், இறந்தவர்களை அவர் மீண்டும் காண அது வழிகாட்டியது என்றும் அக்குடும்பத்தார் சொல்கின்றனர். அந்த நன்றியை மறவாமல் 1872இல் அவர் ஒரு கம்பத்தை நிறுத்தினார். ஒன்பது மீட்டர் உயரமுள்ள அதன் உச்சியில் தொப்பி அணிந்த ட்சூடா அமர்ந்திருந்தது. கீழே, நீருக்கடியில் வாழ்வதாகச் சொல்லப்படும் கரடி இருந்தது. அந்தக் கம்பம் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தந்தையின் நினைவுச் சின்னம்.

1929இல் மீன்பிடிக்கச் சென்றிருந்த மக்கள் திரும்பி வந்தபோது, கம்பம் நின்ற இடத்தில் அடிக்கட்டைதான் எஞ்சியிருந்தது. சுவீடன் நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் அரசின் அனுமதி பெற்று அதைத் தம் நாட்டுக்கு அனுப்பியிருந்தார். எங்கே போனது என்று ஊராருக்குத் தெரியவில்லை. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகிய பின், 1991இல் ஹைஸ்லா பேராளர்கள் சுவீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோமுக்குச் சென்று, இனவியல் அருங்காட்சியகத்தில் அதை நேரில் கண்டனர்.

கம்பத்தைத் திருப்பித் தரச் சுவீடன் அரசு 1994இல் இசைந்தது. ஆனால், ஒரு சிக்கல் எழுந்தது. கம்பம் கெட்டுப்போகாதபடி, தட்பவெப்பம் சீராக்கப்பட்ட கட்டடம் ஒன்றில் பாதுகாக்கப்பட வேண்டும் என்று அருங்காட்சியகம் விரும்பியது. அதன் அக்கறையில் குறை சொல்ல முடியாது. பொருள்களைக் காப்பதே அதன் பணி. ஹைஸ்லா மக்களின் மரபோ வேறு. மழையில் நனைந்து, பாசி படர்ந்து, ஒருநாள் சாய்ந்து மண்ணோடு மண்ணாவதே ஒரு கம்பத்தின் வாழ்க்கை. சாய்ந்ததை யாரும் முட்டுக்கொடுத்து நிறுத்துவதில்லை. குடும்பம் விரும்பினால் புதிய கம்பம் செதுக்கி, மீண்டும் விருந்து வைத்து, பழைய கதையைப் புதிய சாட்சிகள் முன் சொல்லும். மரம் அழிந்தாலும் கதைக்கு அழிவில்லை. மரத்தைக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டுக் கதை சொல்வோரைப் பிரித்துவிட்டால், எஞ்சுவது அழகான ஒரு கட்டைதானே?

கம்பத்தைப் பெற்றுக்கொள்ளும்போது கைம்மாறு செய்யாமல் இருப்பதும் அவர்களின் மரபன்று. மூத்த சிற்பி ஹென்ரி ராபர்ட்சன் தம் குடும்பத்து இளையோருடன் சேர்ந்து, பழைய கம்பத்தைப் போலவே இரண்டு புதிய கம்பங்களைச் செதுக்கினார். உளியும் வாய்ச்சியும் பிடிக்க இளைய கைகள் கற்றுக்கொண்டன. 2000ஆம் ஆண்டில் ஒரு கம்பம் பழைய கம்பம் நின்ற கிட்லோப் பள்ளத்தாக்கில் நிறுத்தப்பட்டது. மற்றொன்று ஸ்டாக்ஹோமுக்குப் பரிசாகச் சென்றது. அதைச் செதுக்கும் பணியைச் சிற்பிகள் அருங்காட்சியகத்தில் பார்வையாளர் முன்னிலையிலேயே முடித்தனர். திருடியவரிடம் பறிக்காமல், பெற்றவருக்குக் கொடுத்து வாங்கிய முறை அது. 2006இல் பழைய கம்பம் ஊர் திரும்பியது. சில ஆண்டுகள் கட்டடத்துக்குள் வைக்கப்பட்டிருந்த அது, 2012இல் முன்னோர் வாழ்ந்த நிலத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, இயற்கையாக மக்கிப்போக விடப்பட்டது.

எல்லாக் குடும்பங்களும் இதே முடிவை எடுப்பதில்லை. போரில் இறந்த வீரர் ஒருவரின் நினைவாக நிஸ்கா மக்கள் நிறுத்திய 11 மீட்டர் உயரக் கம்பமும் 1929இல்தான் ஊரைவிட்டுப் போனது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகர அருங்காட்சியகத்தில் அது ஏறத்தாழ நூறாண்டு நின்றது. 2023 செப்டம்பரில் கனடிய விமானப் படை விமானத்தில் அது தாயகம் வந்து சேர்ந்தது. நிஸ்கா மக்கள் அதை மழையில் விடவில்லை. தங்கள் பள்ளத்தாக்கில் தாங்களே நடத்தும் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கின்றனர். அதன் கதையை அங்கே வரும் பிள்ளைகளுக்கு அந்தக் குலத்தாரே சொல்கின்றனர்.