கல்லுக்குள் ஒரு பாடம்: வகுப்பறைக் கடல்நீர்த் தொட்டி அனுபவம்

இராமேசுவரம் சுற்றுலா போய்வந்த மறுநாள், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தாளில் பொதிந்த வெள்ளைக் கல் ஒன்றை என் மேசையில் வைத்தாள். உள்ளங்கை அளவு, உடம்பெல்லாம் துளை. "தனுஷ்கோடியில கிடந்துச்சு டீச்சர். நம்ம மீன்தொட்டிக்கு வச்சுக்கலாமா?" என்றாள்.

முன்னாள் மாணவர் ஒருவர் கொடுத்த மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி எங்கள் ஆய்வகத்தில் காலியாகக் கிடந்த நேரம் அது. அதைக் கடல்நீர்த் தொட்டியாக்கப் போவதாக நான்தான் வகுப்பில் சொல்லியிருந்தேன். கடலையே பார்க்காத பிள்ளைகள் பாதிப்பேர் உள்ள வகுப்பு. ஆசையாகக் கொண்டுவந்ததை வாங்கமாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

ஆனால் அது பவளப்பாறைத் துண்டு. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் பவளங்கள் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. உயிரோடிருந்தாலும் செத்துக் கரை ஒதுங்கியிருந்தாலும் எடுத்துவரக் கூடாது. மாணவியைக் குற்றவாளிபோல நிற்க வைக்காமல், சுற்றுலாவுக்கு முன்பே இதைச் சொல்லாதது என் தவறு என்று வகுப்பில் சொன்னேன். தலைமையாசிரியரின் கடிதத்தோடு கல்லை வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைத்தோம். பல பள்ளிகளின் அறிவியல் மூலையில் இப்படி ஒரு வெள்ளைக் கல் இன்னும் இருக்கும் என்றே நினைக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் மேசையிலும் ஒன்று தாள் பறக்காமல் இருக்க உட்கார்ந்திருந்தது.

சரி, கடல்நீர்த் தொட்டிக்கு அந்தக் கல் எதற்கு? அழகுக்கு மட்டுமல்ல. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கே நஞ்சு. துளையுள்ள கல்லின் பரப்பில் குடியேறும் பாக்டீரியாக்களில் ஒருவகை அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும்; இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். கல்லின் உட்பகுதியில், ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில், வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும். ஒன்பதாம் வகுப்பில் படம் போட்டு நடத்தும் நைட்ரஜன் சுழற்சி ஒரு கல்லுக்குள்ளேயே நடக்கிறது. அதனால்தான் மீன் வளர்ப்போர் அதை 'லைவ் ராக்', உயிருள்ள பாறை என்கிறார்கள். உயிர் கல்லில் இல்லை, கல்லில் குடியிருப்பவற்றில் இருக்கிறது. அப்படியானால் கல் கடலிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை.

மேலூரில் கல்லுக்குப் பஞ்சமா? கிரானைட் துண்டு ஒன்றை எடைபோட்டு ஒருநாள் நீரில் ஊறவைத்து மறுபடி எடைபோட்டோம். எங்கள் தராசில் மாற்றமே தெரியவில்லை. துளையில்லாத கல்லில் பாக்டீரியாவுக்கு வெளிப்பரப்பு மட்டும்தான் கிடைக்கும். எனவே கல்லை நாங்களே வார்த்தோம். ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு கிளிஞ்சல் நொறுக்கு, ஒரு பங்கு கல்லுப்பு. கிளிஞ்சல் நொறுக்கு கோழித்தீவனக் கடையிலேயே கிடைக்கும். தண்ணீர் குறைவாகத் தெளித்துப் பிசைய வேண்டும். அதிகமானால் உப்பு முன்கூட்டியே கரைந்துவிடும். ஈர மணலில் குழி செய்து, கலவையை அதில் கொட்டி, விரலால் ஓட்டை போட்டோம். சிமென்ட் தோலை அரிக்கும், ஆகவே கையுறை கட்டாயம். இறுகியபின் நல்ல தண்ணீரில் போட்டால் உப்பு கரைந்து வெளியேறி, இருந்த இடமெல்லாம் துளையாகும். எங்கள் 2 கிலோ கல் 300 கிராம் தண்ணீர் குடித்தது.

இதில் பொறுமைதான் பெரிய செலவு. புதுச் சிமென்ட் தண்ணீரின் பி.எச். அளவை 12 வரை ஏற்றிவிடும். தண்ணீரை மாற்றி மாற்றி அது 8.5-க்குக் கீழே வர ஏழு வாரம் ஆயிற்று. பிறகு லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் கடல்மீன் தொட்டிக்கென விற்கும் உப்பைக் கரைத்தோம். கல்சியம், மெக்னீசியம் எல்லாம் தேவை என்பதால் சமையல் உப்பு உதவாது. மதுரைக் கடைக்காரர் ஒருவர், நெடுநாளாக ஓடும் தன் கடல்நீர்த் தொட்டியின் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். எங்கள் கற்களுக்கு அதுதான் உறைமோர். அம்மோனியா ஏறி இறங்கியதையும், பின்னாலேயே நைட்ரைட் ஏறி இறங்கியதையும் பிள்ளைகள் சுவரில் வரைபடமாக வரைந்தார்கள். இரண்டும் பூச்சியமான பிறகே பண்ணையில் பிறந்த இரண்டு கோமாளி மீன்களை விட்டோம்.

இவ்வளவு செய்த நான், கல் அடுக்குவதில் கோட்டைவிட்டேன். மணலைப் பரப்பி அதன்மேல் கற்களை அடுக்கினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நீரோட்டமும் மீன்கள் வாலால் விசிறித் தோண்டியதும் சேர்ந்து அடிமணலை அரித்துவிட்டன. ஒரு திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால், மேல்கல் சரிந்து கண்ணாடியில் சாய்ந்து கிடந்தது. அடியில் ஒரு மீன் நசுங்கியிருந்தது. கண்ணாடி உடையாதது எங்கள் அதிர்ஷ்டம். "அடிக்கல்லு ஆடுச்சுன்னா மேல என்ன வச்சாலும் நிக்காது டீச்சர்" என்றான் கிணற்றுக்குக் கல்கட்டு கட்டும் கொத்தனாரின் மகன். அவனையே இரண்டாவது கட்டுமானத்துக்குத் தலைவனாக்கினேன்.

இம்முறை தொட்டிக்கு வெளியே, மேசைமேல் உலர்ந்த நிலையில் அடுக்கினோம். இதற்குப் 'பாய்மங்கள்' பாடத்தில் காரணம் இருக்கிறது. ஒரு லிட்டர் பருமனுள்ள 2 கிலோ கல், கடல்நீரில் ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவாகவே கனக்கும். தண்ணீர் மாற்றும்போது நீர்மட்டம் இறங்க இறங்க மேல்கல்லின் முழுக் கனமும் கீழே விழும். நீருக்குள் நிற்கும் அடுக்கு வெளியிலும் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு கல்லும் கீழுள்ளவற்றை மூன்று புள்ளிகளில் தொட வேண்டும். அதன் ஈர்ப்பு மையம் அந்த மூன்றுக்கும் நடுவே விழ வேண்டும். ஒரு விரலால் தள்ளி ஆடினால் கழற்றி மறுபடி. இரண்டு பாடவேளை இதிலேயே போனது. ஈர்ப்பு மையத்தை நான் கரும்பலகையில் இவ்வளவு நன்றாக நடத்தியதே இல்லை.

நின்றதும், கற்களில் துளையிட்டு அக்ரிலிக் குச்சி செருகி இணைத்தோம். இடைவெளியை, மீன்தொட்டிக்கென்றே விற்கும் இரண்டு பாகங்களைப் பிசைந்து ஒட்டும் பசையால் அடைத்தோம். இரும்புக் கம்பி துருப்பிடிக்கும். செம்புக் கம்பி அதைவிட மோசம்; கரையும் செம்பு நண்டு, இறால், நத்தை போன்றவற்றைக் கொல்லும். தொட்டியின் அடியில் கட்டம் போட்ட பிளாஸ்டிக் தட்டு, அதன்மேல் நேராகக் கற்கள், கடைசியாகத்தான் சுற்றிலும் மணல். கண்ணாடியைச் சுற்றி நான்கு விரல் இடம் விட்டோம். கற்களைப் பின்சுவரோடு மதில்போல் ஒட்டி அடுக்கினால் நீரோட்டம் நுழையாத மூலைகளில் கழிவு தங்கும். குகையும் வாசலுமாக இருந்தால் தண்ணீர் ஊடே ஓடும்.

இதே வேலை கடலிலும் நடக்கிறது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு 1969-இல் ஏறத்தாழ 20 ஹெக்டேர். 2015-இல் 2 ஹெக்டேர்கூட இல்லை. அலையைத் தடுத்துவந்த பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் வெட்டியெடுத்தது ஒரு முக்கியக் காரணம். இப்போது துளையிட்ட கான்கிரீட் செயற்கைப் பாறைகளைத் தீவின் அருகே கடலடியில் இறக்கியிருக்கிறார்கள். அவை அலையின் வேகத்தைக் குறைக்கின்றன, மீன்கள் வருகின்றன, பவளமும் ஒட்டி வளர்கிறது. படத்தைப் பார்த்ததும், கல் கொண்டுவந்த மாணவி கேட்டாள்: "அவங்களும் கோழித்தீவனக் கடையிலதான் வாங்குனாங்களா டீச்சர்?"

தொட்டி இல்லாத பள்ளிகள் கல் வார்ப்பதையும் எடைபோடுவதையும் அடுக்குவதையும் ஒரு வாளியோடு செய்துவிடலாம். தொட்டி வைப்போர் கோடையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஏப்ரலில் எங்கள் ஆய்வகத் தண்ணீர் 31 டிகிரியைத் தொட்டது. சிறு மின்விசிறியை நீர்ப்பரப்பில் படும்படி வைத்துக் குறைத்தோம். ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத்தண்ணீர் அல்ல, உப்பு ஆவியாவதில்லை. விடுமுறை நாள்களில் யார் வந்து பார்ப்பது என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பினர் புதிதாக ஐந்து கற்கள் வார்த்து வாளியில் போட்டிருக்கிறார்கள். நேற்றைய பி.எச். 9.1. இன்று தண்ணீர் மாற்றும் முறை மூன்றாம் குழுவுக்கு.