யூதர் நிறுவிய பெண்கள் பள்ளி

செபக்கூடம் என்ற சொல்லை நாம் நற்செய்தியில் அடிக்கடி வாசிக்கிறோம். நாசரேத்தூரில் இயேசு மறைநூலை வாசித்ததும் அத்தகைய கூடத்தில்தான். யூதர்களுக்கு அது செபிக்கும் இடம் மட்டுமன்று. கற்கும் இடமும் ஆகும். ஏழைக்கு உதவுவதை அவர்கள் 'செதாக்கா' என்பர். நீதியைக் குறிக்கும் எபிரேயச் சொல் அது. உதவி செய்வது அவர்களுக்குத் தயவு அன்று, கடமை.

இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1798-ஆம் ஆண்டு ஷாலோம் கோஹன் என்னும் வணிகர் கல்கத்தாவுக்கு வந்தார். அவருக்குப் பின் பாக்தாத் முதலிய நகரங்களிலிருந்து யூதர் பலர் வந்து குடியேறினர். செபக்கூடங்களை எழுப்பியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. ஏழைச் சிறுவருக்கு இலவசப் பள்ளியும், நோயாளருக்கு எஸ்ரா மருத்துவமனையும் கண்டனர். 1881-இல், தங்கள் பெண்மக்கள் தம் மறையை மறவாது கல்வி பெறும்பொருட்டு, யூதப் பெண்கள் பள்ளியைத் தொடங்கினர்.

1947-க்குப் பின் யூதர்கள் இஸ்ரேல், இங்கிலாந்து முதலிய நாடுகளுக்குச் சென்றனர். ஆயிரக்கணக்கில் வாழ்ந்த இடத்தில் இன்று மிகச் சிலரே எஞ்சியுள்ளனர். ஆயினும் பள்ளி மூடப்படவில்லை. பிற சமயப் பெண்களுக்கும் அதன் கதவு திறந்தது. இன்று அங்கே பயில்வோரில் பெரும்பாலோர் முஸ்லிம் மாணவியர். அவர்களுடைய சீருடையில் தாவீதின் விண்மீன் விளங்குகிறது!

தோழியரே, நம் வகுப்பிலும் பல சமயத்தவர் ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கிறோம். தம் மக்களுக்கென ஏற்றிய விளக்கைப் பிறர் மக்களுக்காகவும் அணையாது காத்த அப்பெரியோரை நன்றியுடன் நினைப்போம். நாம் பெற்ற கல்வியையும் அவ்வாறே பிறரோடு பகிர்ந்துகொள்வோம்.