சிறகிலாத் தத்துக்கிளிகள்

உயிர்களுள் முதன்முதலில் வானிற் பறக்கத் தொடங்கியவை பூச்சிகளே. பறவைகளும் வௌவால்களும் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்னரே அவை சிறகடித்துத் திரிந்தன. அங்ஙனம் பெற்ற சிறகைப் பின்னர் அறவே துறந்துவிட்ட பூச்சிகளும் உள. அவற்றுள் ஒரு கூட்டத்தை இப்பாடத்திற் காண்போம். ஆஸ்திரேலியாக் கண்டத்தில் மட்டும் வாழும் சிறிய தத்துக்கிளிகள் அவை. அந்நாட்டு மக்கள் அவற்றைத் தீக்குச்சி வெட்டுக்கிளி என வழங்குகின்றனர்.

பெயர் பொருத்தமானதே. உடல் மெலிந்து நீண்டு, ஏறத்தாழத் தீக்குச்சியின் பருமனே உடையது. பெரும்பாலானவற்றின் நீளம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவே. ஆண் சிறிது, பெண் பெரிது. தலை கூம்பு வடிவாய்க் கண்களுக்கு முன்னே நீண்டிருக்கும். முகம் செங்குத்தாக நில்லாமல் கீழ்நோக்கிப் பின்சாய்ந்து செல்லும். உணர்கொம்புகள் மிகக் குறுகியவை. பிற வெட்டுக்கிளிகளின் பின்தொடை பருத்துத் திரண்டிருக்க, இவற்றின் பின்தொடை ஒடுங்கிக் காணப்படும். ஆயினும் தத்தும் ஆற்றலை அது இழந்துவிடவில்லை. பழுப்பு, சாம்பல், பச்சை ஆகிய நிறங்களில் இவை புல்லின் தாளிலோ புதரின் சுள்ளியிலோ ஒட்டிக்கொண்டிருக்கும்போது, அருகில் நின்று நோக்குவாருக்கும் புலப்படா.

இவற்றைக் குச்சிப்பூச்சி என்று மயங்குதல் எளிது. குச்சிப்பூச்சி முற்றிலும் வேறொரு வரிசையைச் சேர்ந்தது. அதன் ஆறு கால்களும் நடப்பதற்கே உரியவை. பின்னங்கால் இரண்டும் தத்துவதற்கு ஏற்ப அமைந்துள்ளனவா என்று பார்த்தால் மயக்கம் தீரும்.

இன்னொரு மயக்கமும் உண்டு. எல்லா வெட்டுக்கிளிகளும் இளமையிற் சிறகற்றவையே. முட்டையிலிருந்து வெளிப்படும் குஞ்சு தாயைப் போன்ற உருவமே உடையதாயினும், சிறகு மட்டும் அதற்கு இராது. தோலுரிக்குந்தோறும் முதுகின்மேல் சிறகின் முளைகள் சிறிது சிறிதாக வளர்ந்து, இறுதித் தோலுரிப்பிற்குப் பின்னரே முழுச்சிறகு விரியும். ஆதலால், சிறகில்லை என்ற ஒன்றை மட்டும் கொண்டு ஒரு பூச்சியைச் சிறகிலா இனம் எனத் துணிதல் கூடாது; அது பருவம் எய்தாத குஞ்சாகவும் இருக்கலாம். வயிற்றின் நுனியிலுள்ள இனப்பெருக்க உறுப்புகள் முதிர்ந்துள்ளனவா என்று நோக்க வேண்டும். முதிர்ந்தபின்னும் முதுகில் முளைதானும் இல்லையேல், அதுவே நாம் கூறும் தத்துக்கிளி.

சிறகு போனதோடு வேறு சிலவும் இவற்றிடம் இல்லை. சாதாரண வெட்டுக்கிளிகள் பல, பின்தொடையைச் சிறகின்மேல் உராய்ந்து ஒலி எழுப்பும். அவ்வொலியைக் கேட்பதற்கு வயிற்றின் முதல் வளையத்தில் இருபுறமும் மெல்லிய சவ்வாலாகிய செவிகள் உண்டு. செவி வயிற்றில் இருத்தல் நமக்கு வியப்பாகத் தோன்றலாம். பூச்சிகளின் உலகில் அது வியப்பன்று. தீக்குச்சித் தத்துக்கிளிக்கோ உராய்தற்குச் சிறகுமில்லை, கேட்டற்குச் செவியுமில்லை. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்து, செவியறிவு ஒன்று நீங்கிய நண்டையும் தும்பியையும் நான்கறிவுடையனவற்றுள் வைத்தார். இச்சிறு பூச்சியை அவர் கண்டிருப்பின் அவ்வரிசையிலேயே வைத்திருப்பார் என எண்ணத் தோன்றுகிறது. எனினும் இக்காலத்து உயிர்நூலார் புலன்களின் எண்ணிக்கையைக் கொண்டு வகுப்பதில்லை. உடலமைப்பையும் பிறப்பு வழியையும் கொண்டே வகுக்கின்றனர்.

அவர்கள் வகுத்த முறை இது. வெட்டுக்கிளி, சிள்வண்டு முதலியன அடங்கிய பெருவரிசை இரு கிளைகளாகப் பிரியும். உடலினும் நீண்ட மெல்லிய உணர்கொம்பும், முன்னங்காலிற் செவியும், பெண்ணுக்கு வாள்போன்ற முட்டையிடு குழலும் உடையவை ஒரு கிளை. சிள்வண்டு அதனைச் சார்ந்தது. குட்டையான உணர்கொம்பும், மண்ணைத் தோண்டுதற்குரிய குறுகிய முட்டையிடு உறுப்பும் உடையவை மற்றொரு கிளை. நம் தத்துக்கிளி இரண்டாவதைச் சார்ந்தது. அக்கிளையினுள்ளும், முன்தொடையின் நீளங்கூட இல்லாத உணர்கொம்பும் செவியின்மையும் இதனைப் பெருவாரியான வெட்டுக்கிளிகளினின்று பிரித்து, யூமஸ்டாசிட் என்னும் தொன்மையான கூட்டத்திற் சேர்க்கின்றன. அக்கூட்டத்தைச் சார்ந்த வேறு பூச்சிகள் பல வெப்பநாடுகளில் வாழ்கின்றன. அவற்றுட் சிறகுடையனவும் உள. ஆஸ்திரேலியாவிலுள்ளவற்றை மொராபா என்னும் பேரினத்தின் பெயரால் மொராபினே என வழங்குவர். இவ்வுட்பிரிவினுள் சிறகுடையது ஒன்றேனும் இல்லை.

ஒரு பேரினத்திலிருந்து மற்றொன்றைப் பிரித்தறியப் பூச்சிநூலார் பெரிதும் நம்புவது சிறகின் நரம்போட்டத்தையே. அது இல்லாத இடத்தில் யாது செய்வது? இவ்விடர்ப்பாட்டோடு பல்லாண்டு போராடியவர் கென்னத் கீ என்னும் அறிஞர். கான்பரா நகரில் அரசின் அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய அவர், தொடக்கத்தில் ஆராய்ந்தது கூட்டங்கூட்டமாகப் பறந்து பயிரை அழிக்கும் வெட்டுக்கிளிகளை. பிற்காலத்தில் அவரது உள்ளம் பறவாதவற்றின்பாற் சென்றது. தலையின் வடிவு, ஆணின் வயிற்று நுனியிலுள்ள சிறு உறுப்புகளின் வளைவு முதலியவற்றை நுணுகி நோக்கி, 1976-ஆம் ஆண்டில் இவ்வுட்பிரிவு முழுவதற்கும் ஒரு வகைப்பாட்டை வெளியிட்டார். இருநூற்றுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் இதன்கண் உண்டு என்பது இன்று தெரிந்துள்ளது.

இத்துணைச் சிற்றினங்கள் தோன்றியதற்குச் சிறகின்மையும் ஒரு காரணமாகும். பறக்கும் பூச்சியைக் காற்று நூறு கல் தொலைவுக்குக் கொண்டு செல்லும். இதுவோ பிறந்த புதரைச் சுற்றியே வாழ்ந்து மடிவது. ஆகவே ஓரிடத்துக் கூட்டத்திற்கும் அடுத்த இடத்துக் கூட்டத்திற்கும் கலப்புக் குறைந்து, நாளடைவில் வேறுபாடு மிகும். மைக்கேல் வைட் என்னும் உயிரணு ஆராய்ச்சியாளர் இவற்றின் குரோமோசோம்களை எண்ணி நோக்கியபோது, கண்ணுக்கு ஒரே வடிவாய்த் தோன்றும் பூச்சிகள்கூட இடத்திற்கு இடம் குரோமோசோம் அமைப்பில் வேறுபடுவதைக் கண்டார். தென் ஆஸ்திரேலியாவிலும் அதனை அடுத்த கங்காருத் தீவிலும் வாழும் ஒரு கூட்டத்தில், அத்தகைய இரு வகைகள் சந்திக்கும் எல்லை சில நூறு மீட்டர் அகலமே உடையது. அவ்வெல்லையில் மட்டும் கலப்புப் பிறவிகள் காணப்படும்.

அவ்வெல்லை எவ்வாறு ஏற்பட்டது? ஓரினம் பரவியுள்ள நிலத்தின் நடுவிலேயே குரோமோசோமில் மாற்றம் தோன்றி, அம்மாற்றமே கலப்பைத் தடுத்துப் புதிய இனத்தை உண்டாக்கும் என்றார் வைட். அன்று, நிலத்தாற் பிரிந்து தனித்தனியே வேறுபட்டவை பின்னர் வந்து சந்தித்ததே அது என்றார் கீ. இருவரும் 1968-ஆம் ஆண்டில் தத்தம் கருத்தை எழுதி வெளியிட்டனர். பூச்சிகளை ஒருங்கே ஆராய்ந்தவர்கள், முடிவில் இவ்வாறு மாறுபட்டனர். என் கருத்தைக் கேட்பின், நிலப்பிரிவை முதலாகக் கொள்ளும் கீயின் விளக்கமே எளிதில் மனங்கொள்ளத்தக்கது. ஆயினும் வைட் எழுப்பிய வினா இல்லையேல் அவ்விளக்கமும் இத்துணைத் தெளிவுடன் பிறந்திராது.

இக்கூட்டத்தில் ஒரு சிற்றினத்திற்கு வர்ரமாபா விர்கோ என்று பெயர். இலத்தீன் மொழியில் விர்கோ என்பது கன்னியைக் குறிக்கும். இதில் ஆணே இல்லை. பெண்ணின் முட்டை, ஆணின் தொடர்பின்றியே கருவாகி வளர்ந்து மீண்டும் பெண்ணாகப் பிறக்கும். வைட், கீ முதலானோர் இதனை 1963-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தனர். மேற்கு ஆஸ்திரேலியாவிலும், அங்கிருந்து நெடுந்தொலைவிலுள்ள நியூசவுத்வேல்ஸின் மேற்குப் பகுதியிலும் இது வாழ்கின்றது. மேற்கிலுள்ள வேறு இரு சிற்றினங்கள் கலந்ததால் பிறந்ததே இது என்பதைப் பிற்கால ஆராய்ச்சி உறுதி செய்தது. அக்கலப்பு ஏறத்தாழ 2,50,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது என 2022-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறுகின்றது. கலப்பினம் வலிமை மிக்கிருக்குமோ என ஆராய்ந்த அவ்வாய்வாளர்கள், பதினான்கு இயல்புகளை அளந்து பெற்றோரினத்தோடு ஒப்பிட்டனர். குறையும் காணவில்லை, மிகையும் காணவில்லை.

இறுதியாகக் கேயாக்ரிஸ் ஸ்கர்ரா என்னும் சிற்றினத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேரினப் பெயர் கீயைச் சிறப்பிக்க இடப்பட்டது. ஸ்கர்ரா என்பதற்கு விதூடகன் என்பது பொருள். தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் புல்வெளிகளில் இது முன்னர்ப் பரந்து வாழ்ந்தது. கங்காருப் புல் எனப்படும் புற்கற்றையுள் ஒதுங்கி, அதனூடே வளரும் மஞ்சட் பூச்செடியின் இலையைத் தின்பது இதன் வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்புல்வெளிகள் செம்மறி ஆட்டின் மேய்ச்சல் நிலங்களாயின. ஆடுகள் அச்செடியை விரும்பித் தின்றன, புல்லும் மொட்டையாயிற்று. சிறகுடைய பூச்சியாயின் வேறிடம் பறந்து சென்றிருக்கும். இது சென்றிலது, இருந்த இடத்திலேயே மாய்ந்தது.

முழுதும் மாயாமைக்குக் காரணமாயிருந்தவை கிராமத்துக் கல்லறைத் தோட்டங்கள். வேலியிடப்பட்டிருந்தமையால் ஆடுகள் அவற்றுட் புகவில்லை. பழைய புல்லும் பூச்செடியும் அங்கே அழியாமல் நின்றன. வைட்டும் அவர் துணைவரும் இப்பூச்சியைத் தேடிச் சென்ற இடங்களுட் பல இத்தகைய கல்லறைகளும் சாலையோரத்து ஒதுக்கிடங்களுமே. அவற்றுட் சில, வீடொன்றின் முற்றத்தினும் பெரியன அல்ல. அச்சிறு நிலத்திற் கிடைத்த பூச்சிகளைக் கொண்டே ஆணுக்கு 15 குரோமோசோம் உடைய வகை, 17 உடைய வகை என இரண்டு இருப்பதை அவர்கள் கண்டனர். பொறுப்பாளர் ஒருவர் தூய்மை கருதி அங்குள்ள புல்லை ஒட்ட வெட்டிவிட்டால், ஒரு கூட்டம் ஒரே பருவத்தில் இல்லாமற் போகக்கூடும். இப்பூச்சி ஓராண்டே வாழ்வது. கோடையிற் பொரித்து, குளிர்காலம் முழுவதும் குஞ்சாக வளர்ந்து, இளவேனிலில் முட்டையிட்டு மாய்வது. ஓர் ஆண்டின் முட்டை அழியின் மறு ஆண்டிற்கு விதையில்லை.

அண்மைக் காலத்தில் மெல்போர்ன் பல்கலைக்கழகத்து அறிஞர்கள் இதற்கு ஒரு வழி தேடியுள்ளனர். எஞ்சியுள்ள இடங்களிற் பூச்சிகளைக் கையாற் பிடித்து, பழைய புல்லும் பூச்செடியும் மீண்டும் நட்டு வளர்க்கப்பட்ட நிலங்களுக்குக் கொண்டு சென்று விடுகின்றனர். அடுத்த ஆண்டு அதே இடத்திற்குச் சென்று, புற்கற்றைகளை விலக்கிக் குஞ்சுகளை எண்ணுகின்றனர்.