எண்ணெய்க்கு வரி, வேலைக்குச் சலுகை

மலாக்காவில் எண்ணெய்க் கிணறு ஒன்றுகூட இல்லை. ஆனால், சுங்கை ஊடாங்கில் உள்ள பெட்ரோனாஸ் சுத்திகரிப்பு ஆலை 1994ஆம் ஆண்டிலிருந்து கச்சா எண்ணெயைப் பெட்ரோலாகவும் டீசலாகவும் பிரித்தெடுத்து வருகிறது. திரெங்கானு, சபா, சரவாக் கடற்பகுதிகளில் எண்ணெய் எடுக்கும் நிறுவனங்கள், 1967ஆம் ஆண்டு பெட்ரோலிய வருமான வரிச் சட்டப்படி, தம் இலாபத்தில் பொதுவாக 38 விழுக்காட்டை வரியாகச் செலுத்துகின்றன. சுத்திகரிப்பில் கிடைக்கும் இலாபத்துக்கோ மற்றப் பெரிய நிறுவனங்களைப் போல் 24 விழுக்காடுதான். கடலடி எண்ணெய் நாட்டின் பொதுச்சொத்து. ஒருமுறை எடுத்துவிட்டால் மீண்டும் ஊறாது. அதனால்தான் அதற்குக் கூடுதல் வரி.

வரி வாங்கும் அரசே சில வேளைகளில் வரியை விட்டுக்கொடுக்கவும் செய்கிறது. ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் வேலை போனால் பல குடும்பங்களுக்கு வீடும் போயிற்று. அவர்கள் ஆயர் குரோ, பத்து பெரெண்டாம் தொழிற்சாலைகளை நாடி வந்தனர். இளையோருக்கு வேலை கிடைத்தது. வயதானவர்களை முதலாளிகள் எளிதில் சேர்ப்பதில்லை. இத்தயக்கத்தைக் குறைக்க, 2019ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வழி காணப்பட்டது. 60 வயதைக் கடந்தவரை முழுநேர ஊழியராக 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத மாதச் சம்பளத்தில் அமர்த்தினால், அச்சம்பளத்தை இருமடங்குச் செலவாகக் கணக்குக் காட்டலாம் என அப்போது அறிவிக்கப்பட்டது.

கணக்கைப் பார்ப்போம். மாதச் சம்பளம் 2,000 ரிங்கிட் என்றால் ஆண்டுக்கு 24,000 ரிங்கிட். கணக்கில் 48,000 ரிங்கிட் கழிக்கப்படும். கூடுதலாகக் கழிந்த 24,000 ரிங்கிட்டுக்கு 24 விழுக்காட்டு வரி இல்லை. நிறுவனத்துக்கு 5,760 ரிங்கிட் மிச்சம்.

ஆனால், இலாபம் ஈட்டும் நிறுவனத்துக்குத்தான் இந்த மிச்சம். நட்டத்தில் ஓடும் சிறு பட்டறைக்குக் கட்ட வரியே இல்லையென்றால், வரிச்சலுகையால் என்ன பயன்? 2020இல் இது வெளிப்படையாகத் தெரிந்தது. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் கடைகளும் ஆலைகளும் மூடப்பட்டன. மே மாதம் வேலையின்மை விகிதம் 5.3 விழுக்காட்டை எட்டியது. உலகச் சந்தையில் எண்ணெய் விலையும் சரிந்தது. விலை சரிந்தால் இலாபம் குறையும். 38 விழுக்காடு மாறாவிட்டாலும் வரித்தொகை சுருங்கும். மக்களுக்குப் பணம் மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் எண்ணெய் வருமானமும் கைகொடுக்கத் தயங்கியது.

அப்போது பெஞ்சானா திட்டத்தில் அரசு பணமாகவே உதவியது. வேலையற்ற 40 வயதுக்குட்பட்ட ஒருவரை அமர்த்திய முதலாளிக்கு மாதம் 800 ரிங்கிட், 40 வயதைக் கடந்தவர் அல்லது மாற்றுத்திறனாளி என்றால் 1,000 ரிங்கிட் என ஆறு மாதம் வரை பெர்கேசோ வழங்கியது. இலாபமோ நட்டமோ, பணம் கைக்கு வந்தது.

அதே பெர்கேசோ 2018 முதல் வேலைக் காப்புறுதியையும் நடத்துகிறது. சம்பளத்தில் தொழிலாளியும் முதலாளியும் தலா 0.2 விழுக்காடு செலுத்துகின்றனர். 2,000 ரிங்கிட் வாங்குபவருக்கு அது மாதம் ஏறத்தாழ 4 ரிங்கிட். வேலை இழந்தவர் 60 நாள்களுக்குள் விண்ணப்பித்தால், முதல் மாதம் காப்புறுதிச் சம்பளத்தில் 80 விழுக்காடு உதவித்தொகையாகக் கிடைக்கும்.