மனைத்தோட்டம் அமைக்கும் முறை

வீட்டைச் சூழ்ந்த நிலத்தை எவ்வாறு பேணுதல் வேண்டுமென்பதைச் சைவ ஆசிரியர்கள் மாணாக்கர்க்கு உணர்த்தற்பொருட்டு இக்கட்டுரையை வரைகின்றோம். எடுத்துக்காட்டாகக் களுபோவில என்னும் ஊரைக் கொள்வோம். அது வெள்ளவத்தை, தெகிவளை என்னும் கடற்கரை ஊர்களின் உட்புறத்தே உள்ளது. அப்பகுதிகளிலே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர் பலர் வாழ்கின்றனர். அவர்தம் மனைகளுட் பலவற்றில் முற்றம் முழுவதும் சீமெந்தினாலோ கல்லினாலோ மூடப்பட்டிருத்தலைக் காண்கின்றோம். சேறு படாது, கூட்டுதற்கு எளிது என்பன அதற்குக் கூறப்படும் காரணங்கள். அச்செயலால் விளையும் கேட்டையும், அதற்கு மாறாகச் செய்யற்பாலதையும் முறையே ஆராய்வோம்.

1. நீர்

மனைத்தோட்டம் அமைப்போர் முதற்கண் கருதவேண்டுவது செடியன்று, நீரே. கொழும்பிலே ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை சராசரியாக 2,400 மில்லிமீற்றர் அளவினது. யாழ்ப்பாணத்து மழை அதில் ஏறக்குறையப் பாதியே. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் 1 மில்லிமீற்றர் மழை பெய்யின் அந்நீர் 1 லீற்றராகும். பத்துப் பேர்ச் மனை 253 சதுர மீற்றர் பரப்புடையது. எனவே அம்மனைமேல் ஓராண்டில் விழும் நீர் 6 இலட்சம் லீற்றருக்கு மேற்பட்டது. ஒரு மாலையிலே 50 மில்லிமீற்றர் மழை பெய்யின் 12,650 லீற்றர் நீர் அதன்மேல் விழும்.

நிலம் திறந்திருப்பின் அந்நீரில் ஒரு பகுதியை மண் உண்ணும். முற்றமும் மூடப்பட்டிருப்பின் முழுவதும் ஒழுங்கைக்கு ஓடும். நூறு மனைகளின் நீர் ஒருங்கே ஒழுங்கையில் இறங்கினால், தாழ்ந்த இடத்திலுள்ள ஏழையின் வீட்டிலேயே அது புகும். 1992 ஆம் ஆண்டு யூன் மாதம் 4 ஆந் திகதி கொழும்பிலே ஒரே நாளில் 490 மில்லிமீற்றரளவு மழை பெய்து நகரம் வெள்ளத்துள் ஆழ்ந்தது. அத்தகைய பெருமழையை ஒரு முற்றம் தடுத்துவிடாது. ஆயினும் ஆண்டுதோறும் வரும் சிறு வெள்ளங்களைக் குறைக்கும் ஆற்றல் முற்றங்கள் பலவற்றுக்கு ஒருங்கே உண்டு.

'வில' என்னும் சிங்களச் சொல்லுக்கு நீர்நிலை என்பது பொருள். களுபோவிலவுக்கு அணித்தாயுள்ள பெல்லன்வில-அத்திடிய சதுப்புநிலம் 1990 ஆம் ஆண்டு சரணாலயமாக்கப்பட்டது. கொழும்பு நகரம் 2018 ஆம் ஆண்டு ஈரநில நகரமென ராம்சார் உடன்படிக்கையின்கீழ் அங்கீகாரம் பெற்றது. சதுப்புநிலம் ஊருக்குச் செய்யும் உபகாரத்தை முற்றம் வீட்டுக்குச் செய்யும்.

கூரைநீரை ஊறுகுழியில் விட விரும்புவோர் முன்னர் மண்ணைச் சோதித்தல் வேண்டும். ஓரடி அகலமும் ஓரடி ஆழமுமுள்ள குழியில் நீர் நிரப்பி வற்றவிட்டு, மீண்டும் நிரப்புக. அது ஒரு நாளுள் வற்றுமாயின் அவ்விடம் ஏற்றது. வற்றாதாயின் குழி வேண்டா; புல்தரையே போதும். அத்திவாரத்துக்கும் மலகூடக் குழிக்கும் அணித்தாக ஊறுகுழி அகழ்தல் கூடாது.

2. மண்

யாழ்ப்பாணத்து மண் சுண்ணாம்புக்கல்லின்மேற் கிடப்பது; கொழும்பின் உட்பகுதி மண் பெரும்பாலும் செம்பூறாங்கல்லைச் சார்ந்து புளிப்புத்தன்மை உடையது. அங்கே நீரைத் தேக்குதற்குப் பள்ளப்பாத்தி கட்டுவர். அவ்வழக்கத்தை இங்கே கொண்டுவந்து பள்ளப்பாத்தி கட்டினால், வைகாசி மழையிலும் ஐப்பசி மழையிலும் கத்தரியும் மிளகாயும் வேரழுகி மடியும். இங்கே நிலமட்டத்துக்கு ஓரடி உயரமான மேட்டுப்பாத்தியே தக்கது. புளிப்பைத் தணித்தற்குச் சிறிது சுண்ணாம்போ டொலமைற்றோ இடலாம். யாழ்ப்பாணத்தார்க்கு அது வேண்டாத செயல்.

பெருமழை மண்ணின் சத்தைக் கழுவிச் செல்லும். ஆதலின் சருகைக் கூட்டி எரித்தல் பெரும்பிழை. சருகும் அடுக்களைக் கழிவும் கூட்டெருவாகி மண்ணையடைதல் வேண்டும். வேலிக்குச் சீமைக்கிளுவை நட்டு, அதன் தழையை வெட்டிப் பாத்திமேற் பரப்பினால் மண் குளிரும், களை குறையும், எருவும் உண்டாகும்.

3. நிழல்

கண்டிப் பகுதி மக்களின் வீட்டுத்தோட்டங்கள் உலகத்து ஆராய்ச்சியாளரால் வியக்கப்படுவன. தெங்கும் பலாவும் கமுகும் மேலடுக்கில் நிற்கும். கோப்பியும் கராம்பும் நடுவடுக்கில் வளரும். கிழங்கும் இஞ்சியும் நிலத்தில் இருக்கும். மிளகு மரத்திற் படரும். மழைத்துளி நேரே மண்ணைத் தாக்காது இலைதோறும் இறங்கிவரும். சிறுமனையில் இம்முறையைச் சிறிதாக்கிக் கொள்ளல் வேண்டும். பலாவும் ஈரப்பலாவும் பத்துப் பேர்ச் மனைக்குப் பெரிய மரங்கள். கொய்யா, தேசி, கறிவேப்பிலை, ஜம்பு என்பன தக்கவை. பின்னேர வெயில் சுடும் மேற்றிசையிலே ஒரு மரம் நிற்பின் அத்திசைச் சுவர் குளிரும். குளியலறை நீர் தேங்காது வழியுமிடத்தில் வாழையை வைப்பது நம் முன்னோர் கிணற்றடியிற் கைக்கொண்ட முறையேயாம். மரநிழலில் வல்லாரையும் றம்பையும் வளரும். வெயில்படும் பாத்தியில் வெண்டியும் பயிற்றங்காயும் காய்க்கும். முருங்கை நீர் தேங்காத மேட்டிலேயே பிழைக்கும்.

4. மலரும் உணவும்

திருப்புகலூரிலே முருக நாயனார் திருநந்தவனப் பணியினாற் சிவபெருமானை வழிபட்டார். தண்டியடிகள் கண்ணில்லாதவராயிருந்தும் திருவாரூர்க் குளத்தை அகழ்ந்தார். பூவும் நீரும் சைவர்க்கு அந்நியமான விஷயங்களல்ல. செவ்வரத்தை, நந்தியாவட்டை, மல்லிகை, துளசி என்பவற்றுக்கு நான்கடி நிலம் போதும். பூச்சிநஞ்சு தெளித்த மலரை வழிபாட்டுக்கு எடுத்தல் தகாது. பொன்னலரியின் வித்து முதலிய எல்லா உறுப்புகளும் நஞ்சுடையன. சிறுவர் விளையாடும் முற்றத்தில் அதனை நடாதிருத்தல் நன்று.

2021 ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டமையும், 2022 ஆம் ஆண்டு பொருளாதாரம் வீழ்ந்தமையும் யாவரும் அறிந்தன. 2022 யூனிலே அரசாங்கம் பொதுத்துறை உத்தியோகத்தர்க்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளித்து, வீட்டுத்தோட்டம் செய்யுமாறு ஊக்கிற்று. ஆயின் முற்றத்தைச் சீமெந்தால் மூடியவர் எங்கே விதைப்பர்? மண்ணைப் பதப்படுத்தப் பல மாதங்கள் வேண்டும். பசி வந்தபின் பாத்தி தேடுதல் தாகம் வந்தபின் கிணறு வெட்டுதலை ஒக்கும்.

5. எச்சரிக்கை

தோட்டம் என்னும் பெயரால் நீர் தேங்கவிடுதல் ஆபத்து. டெங்கு நுளம்பு சிறிதளவு நீரிலும் முட்டையிடும். 2017 ஆம் ஆண்டு இலங்கையில் ஓரிலட்சத்து எண்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளரென அறிவிக்கப்பட்டனர், இறந்தோர் பலர். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி நுளம்பு பெருக இடங்கொடுத்தல் குற்றமுமாகும். பூச்சாடித் தட்டு, சிரட்டை, கூரைப்பீலி, மூடாத தொட்டி என்பவற்றை வாரந்தோறும் பார்த்து நீரகற்றல் வேண்டும். மண்ணுள் இறங்கும் நீரில் நுளம்பு வளராது. கலத்தில் நிற்கும் நீரிலேயே வளரும். இவ்வேறுபாட்டை மாணாக்கர் தெளிதல் அவசியம்.

6. ஆசிரியர் செய்யற்பாலது

இப்பாடத்தை ஏட்டளவில் நிறுத்தலாகாது. மாணாக்கர் ஒவ்வொருவரும் தத்தம் மனையை அளந்து படம் வரைந்து, கூரை, மூடிய முற்றம், திறந்த மண் என்னும் மூன்றின் பரப்பையும் கணக்கிடுவாராக. மழை பெய்யுங்கால் நீர் எங்கே தொடங்கி எங்கே போகின்றதென அப்படத்தில் அம்புக்குறியிடுவாராக. பின்னர்க் கீழ்வரும் வினாக்களை வினாவுக:

உன் மனையில் விழும் நீர் யாருடைய வாயிலைச் சேர்கின்றது?

முற்றத்தில் எத்தனை கல்லைப் பெயர்த்தால் ஒரு மரம் நடலாம்?

இவ்வாரம் உன் வீட்டிலிருந்து எறியப்பட்டவற்றுள் எருவாகத் தக்கவை எவை?

மாடிவீட்டில் வாழும் பிள்ளைகளுக்கு மண்ணில்லையே என ஒருவர் கூறலாம். பாடசாலை முற்றமும் கோயில் வீதியும் அவர்க்கு உள. அங்கே ஒரு பாத்தியை வகுப்புக்கு உரியதாக்கி, விதைத்தது முதல் அறுத்தது வரை நாட்குறிப்பு எழுதுவித்தல் நன்று. முற்றம் முழுவதையும் ஒரே நாளிற் பெயர்க்கவேண்டுமென நாம் கூறவில்லை. இவ்வாண்டு பத்துச் சதுர அடி மண்ணையாயினும் வானத்துக்குத் திறந்துவிடுமாறு பெற்றோரைத் தூண்டுமின். அப்பத்துச் சதுர அடியிலே ஒரு பூச்செடியும் ஒரு கறிச்செடியும் வளரும்; அயலான் வாயிலுக்குச் செல்லும் நீரும் அவ்வளவு குறையும்.