லயத்துக் கோழிக்கு நோவு கண்டால்

வண்டிப்பெரியாரின் தேயிலை எஸ்டேட் லயங்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. கோழிகளும் ஒரே முற்றத்தில்தான் மேய்கின்றன. ஒரு வீட்டுக் கோழிக்கு வந்த வெள்ளைக் கழிச்சல் அந்த வரிசையையே காலி செய்துவிடும். ஆகவே, மருந்து தேடும் முன்பே கோழியைப் பிரித்து வைக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

• இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி ஒதுங்கி நிற்கும் கோழியை அப்போதே பிடித்து அட்டைப்பெட்டியில் தனியாக வையுங்கள். தண்ணீர்க் கிண்ணமும் தனி. நல்ல கோழிகளைக் கவனித்த பிறகே இதனிடம் போங்கள். போய்வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

• முதலில் சூடு, அப்புறம் தண்ணீர், கடைசியில்தான் தீனி. கோழியின் உடம்புச் சூடு ஏறக்குறைய 41 டிகிரி. ஆடிச் சாரலில் நனைந்த நோய்க்கோழி அதைக் காப்பதிலேயே பலத்தையெல்லாம் இழந்துவிடும். பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் 40 வாட் குண்டு பல்பைத் தொங்கவிடுங்கள். சூடு கூடினால் அதுவே மறுபக்கம் நகர்ந்துகொள்ளும்.

• கழிச்சல் இருந்தால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து வையுங்கள். தினமும் புதிதாகக் கலக்குங்கள்.

• நாயோ கீரியோ கவ்விய கோழியின் இறகை விலக்கிப் பாருங்கள்; பல் பதிந்த துளை மேலே தெரியாது. உப்புநீரில் கழுவி, பொவிடோன் அயோடின் தடவுங்கள். ரத்தம் கண்டால் மற்றக் கோழிகள் கொத்தும். மழைக்காலத்தில் புண்ணில் புழு வைக்கும். காலையும் மாலையும் பாருங்கள்.

• வெள்ளைக் கழிச்சலைக் குணப்படுத்த மருந்தே கிடையாது, தடுப்பு மருந்துதான் உண்டு: குஞ்சுக்கு முதல் வாரத்தில் சொட்டு, 8 வாரத்தில் ஊசி. ஒரு குப்பி வழக்கமாக நூறு கோழிக்காவது வரும். கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். நாலு கோழி வைத்திருப்பவர் தனியாக வாங்கிக் கட்டுப்படியாகாது. லயத்தார் எல்லாரும் ஒரே நாளில் போட்டுக்கொள்வதே சரி.

செய்யக்கூடாதவை

• அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். நாக்குக்குச் சற்றுப் பின்னால்தான் மூச்சுக்குழாய் திறக்கிறது. நீர் நுரையீரலுக்குப் போய்விடும். அலகோரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

• குளிருக்கென்று விறகடுப்போரம் வைக்காதீர்கள். புகையைக் கோழியின் நுரையீரல் தாங்காது.

• வீட்டிலுள்ள மனித மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள்.

• ஏலக்காட்டில் மருந்தடித்த நாட்களில் அந்தப் பக்கம் மேயவிடாதீர்கள்.

• நோய்க்கோழியை விற்காதீர்கள், அறுத்துக் குழம்பும் வைக்காதீர்கள். செத்ததைப் பெரியாற்றில் எறிவது பெருந்தவறு. கீழே எத்தனையோ ஊர்கள் அந்தத் தண்ணீரைப் புழங்குகின்றன. ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

• பல கோழிகள் ஒரேயடியாகச் செத்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், மறைக்காதீர்கள். 2014-இல் குட்டநாட்டு வாத்துகளைப் பறவைக் காய்ச்சல் தாக்கியது. அதன்பின் கேரளத்தில் பலமுறை அது திரும்பி வந்திருக்கிறது. உடனே அரசு மிருகாஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். கால்நடை உதவிக்கான கட்டணமில்லா எண் 1962.