கணினி அறிவியலில் தேர்ச்சி: எந்த வழி எந்தப் பிள்ளைக்கு?

பிளஸ் டூ கணினி அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 மதிப்பெண். தேர்ச்சி பெற மொத்தம் 35 வேண்டும்; அதில் எழுத்துத் தேர்வில் மட்டும் குறைந்தது 15 எடுத்தாக வேண்டும். செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் சேர்த்து 20 வாங்கிவிட்ட பிள்ளைக்கு மிச்சம் இருப்பது அந்த 15 தான். ஆனாலும் தேனி மாவட்டத்தில் கூடலூரிலிருந்து போடி வரை, தேர்ச்சி குறைந்தால் உடனே எல்லோருக்குமாகச் சிறப்பு வகுப்பு வைப்பதே வழக்கம். கையில் உள்ள நான்கு வழிகளையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

மாலைச் சிறப்பு வகுப்பு
பள்ளிக்கு ஒழுங்காக வந்தும் ஐந்து மதிப்பெண் கேள்வியில் திணறுபவர்களுக்கு ஏற்றது. சிக்கல் பஸ்ஸில்தான். கடைசி பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர முடியாத பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், சில நாளிலேயே நின்றுவிடுவார்கள். பஸ் நேரத்தை விசாரித்த பிறகே வகுப்பு நேரத்தை முடிவு செய்யுங்கள்.

காலை ஒரு மதிப்பெண் பயிற்சி
வினாத்தாளின் முதல் பகுதியில் 15 கேள்விகள், 15 மதிப்பெண். இறைவணக்கத்துக்கு முன் இருபது நிமிடம் போதும். 16 பாடங்களின் புக் பேக் கேள்விகளையும் திரும்பத் திரும்பப் பார்த்துவிடலாம். விடையின் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுதப் பழக்க வேண்டும். செலவில்லாத வழி இது. ஆனால் இதையே நம்பி இருப்பவர் 15-ஐ எட்ட ஒன்றுகூடத் தவறக்கூடாது; அதனால் சில இரண்டு மதிப்பெண் விடைகளும் கைவசம் இருக்கட்டும்.

லேப் நேரம்
ஒரு கணினிக்கு இருவர். ஒருவர் பைத்தான் நிரலைத் தட்டச்சு செய்ய, என்ன வெளியீடு வரும் என்று மற்றவர் முன்கூட்டியே தாளில் எழுத வேண்டும். இப்படிப் படித்தவருக்கு செய்முறைத் தேர்வோடு மூன்று, ஐந்து மதிப்பெண் நிரல் கேள்விகளும் கைவரும். பலன் தெரிய மாதங்கள் ஆகும். ஜனவரியில் ஆரம்பித்தால் பயனில்லை.

வீடு தேடிப் போவது
ஏலக்காய் அறுவடை ஆகஸ்டில் சூடுபிடிக்கிறது. கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக இடுக்கித் தோட்டங்களுக்கு விடியற்காலையிலேயே ஜீப் கிளம்பிவிடும். பெற்றோர் இருவரும் போகும் வீட்டில், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பிள்ளை பள்ளிக்கு மட்டம் போடலாம். தொடர்ந்து மூன்று நாள் வராதவர் வீட்டுக்கு, ஜீப் திரும்பும் சாயங்கால நேரத்தில், பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள அந்தத் தெருக்காரர் ஒருவரும் ஆசிரியரும் போய்ப் பேச வேண்டும். வருகைக்கு அகமதிப்பீட்டிலும் மதிப்பெண் உண்டு என்பதைச் சொல்லுங்கள்.

எதைத் தேர்வது?
அரையாண்டு விடைத்தாள்களை மூன்று கட்டாகப் பிரியுங்கள். 15-க்குக் கீழே உள்ளவர்களுக்குக் காலைப் பயிற்சி. 15-லிருந்து 35 வரை உள்ளவர்களுக்கு, பஸ் வசதி இருந்தால், மாலை வகுப்பு. அதற்கு மேலே உள்ளவர்கள் காலைப் பயிற்சியில் ஆளுக்கு இரண்டு பேரைப் பொறுப்பேற்கட்டும். லேப் நேரம் ஜூன் மாதமே கால அட்டவணையில் ஏற வேண்டியது. அதை டிசம்பர் முடிவாக வைத்துக்கொள்ள முடியாது.

தேர்வே எழுதாதவர்கள் இந்த மூன்று கட்டிலும் இருக்க மாட்டார்கள். 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வுக்கு மாநிலம் முழுவதும் சுமார் 50,000 பேர் வரவில்லை. ஆள் குறைவாக இருந்து ஒரு வழியைத்தான் கையிலெடுக்க முடியும் என்றால், வீடு தேடிப் போவதையே எடுங்கள். வகுப்பில் இல்லாத பிள்ளைக்கு மற்ற மூன்றும் உதவாது.